ஒரு வரியும் விடாமல்

— அப்புறம் அதே மாதிரி நாலஞ்சு வரி இருக்கு, கடைசியில ‘ஓகே’ன்னு முடியுது. அவ்வளவுதான்மா.

— அவ்வளவுதான்னு நீங்க சொல்லாதீங்க அத்தை. அதே மாதிரி நாலஞ்சு வரின்னா எப்படி? ஒவ்வொண்ணா படிங்க.

— ஒரே வரிய எத்தன தடவ படிக்கறது? பாயின்டர், பாயின்டர், பாயின்டர். வாய் வலிக்குது.

— பாயின்டருக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்குமே. அது மாறுதா, அப்படியே நிக்குதா?

— இரு, கண்ணாடியத் துடைச்சுக்கறேன். ம்... மாறுது. ஏறிக்கிட்டே போகுது.

— அதத்தானே காலையில இருந்து கேக்கறேன்! ஏறுதுன்னா சத்தம் சிப்புக்குள்ள போகுதுன்னு அர்த்தம். நின்னா போகலைன்னு அர்த்தம். நீங்க ‘அதே மாதிரி’ன்னு ஒரே போடா போட்டுட்டா நான் எங்க போய் முட்டிக்கறது?

— கோவிச்சுக்காத. நான் என்ன உன்ன மாதிரி கெர்னல் கிர்னல்னு படிச்சவளா? ஆபீஸ்ல டைப் அடிச்சு ரிட்டயர் ஆனவ. அடின்னு சொல்லு, விரலப் பாக்காம அடிச்சுத் தள்ளறேன். படிச்சு அர்த்தம் சொல்லுன்னா நான் எங்க போவேன்?

— அர்த்தம் யாரு கேட்டா? அதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கறேன். எது முக்கியம், எது முக்கியமில்லைன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. திரையில இருக்கறது இருக்கற மாதிரி என் காதுக்கு வரணும். எனக்குக் கண்ணு தெரியாது, இந்த மெஷினுக்கு இன்னைக்கு வாய் இல்ல. நடுவுல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.

— அந்தக் குரலுக்கு என்னதான் ஆச்சு? நேத்து வரைக்கும் ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி லொடலொடன்னு பேசிக்கிட்டே இருந்துச்சே. சமையக்கட்டுல எனக்கே காது புளிச்சுப் போச்சு.

— ராத்திரி புது கெர்னல் போட்டேன், மெஷின அடியில இருந்து நடத்தறது அதுதான். காலையில திறந்தா ஊமை. திரையில எழுதினதப் படிச்சுச் சொல்ற குரல் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு. ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நிக்கற டிரைவர்லதான் எங்கேயோ கோளாறு.

— டிரைவருன்னா?

— தரகர்னு வச்சுக்கோங்க. இந்தப் பக்கம் சொல்றத வாங்கி அந்தப் பக்கம் சிப்புக்குப் புரியற மாதிரி சொல்லணும். அந்தத் தரகர் எங்க ஏமாத்தறாருன்னு கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு அடியையும் எழுதி வைன்னு கெர்னலுக்குச் சொல்லியிருக்கேன். அதுக்குப் பேரு ட்ரேஸ். அதத்தான் நீங்க படிச்சுக்கிட்டிருக்கீங்க.

— போலீஸ்காரன் பின்னாடியே போய் வேவு பாக்கற மாதிரி.

— அதேதான். ஆனா வேவு பாத்தவன் எழுதினத நீங்க பாதிக்குப் பாதி முழுங்கிட்டா திருடன் எப்படி மாட்டுவான்?

— சரி தாயே, இனிமே முழுங்கல. ஏன்மா, அந்தப் புள்ளி புள்ளியா எழும்பற பட்டை ஒண்ணு வச்சிருப்பியே, விரலால தடவிப் படிப்பியே. அது எங்க?

— ரிப்பேருக்குப் போயிருக்கு. நேரம் பாத்துத்தான் எல்லாம் போகும்.

— போன்?

— போன்ல திரையப் போட்டோ எடுத்துப் படிக்க வச்சுப் பாத்தேன். எட்டையும் பூஜ்யத்தையும் மாத்தி மாத்திச் சொல்லுது. ஒரு எழுத்து மாறினா ஊரே மாறிடும். உங்க பையன் இருந்தா அவரப் படிக்கச் சொல்லியிருப்பேன், அவரு நடுக்கடல்ல கப்பல்ல இருக்காரு.

— அவன் இருந்தா மட்டும்? ரெண்டு வரி படிச்சுட்டு தூங்கிப் போயிருப்பான். என் புள்ளைய எனக்குத் தெரியாதா... இரு, கீழ ஒரு பெட்டி மின்னுது. உங்க குழுத் தலைவர், அந்த நாட்டாமை.

— என்ன எழுதியிருக்காரு?

— ‘என்ன நிலைமை?’ அவ்வளவுதான்.

— அத்தை.

— உண்மையாவே அவ்வளவுதான்மா! ஒரு வணக்கம் கூட இல்ல. கேள்விக்குறி மட்டும் ரெண்டு போட்டிருக்கான் மகராசன்.

— கீபோர்ட இந்தப் பக்கம் தள்ளுங்க. ‘பாத்துக்கிட்டிருக்கேன். பன்னிரண்டுக்குள்ள திருத்தம் வந்துடும்.’ சரியா விழுந்திருக்கா?

— சரியாத்தான் இருக்கு.

— எண்டர் தட்டிட்டேன். போச்சா?

— போயிடுச்சு. ஏம்மா, பன்னிரண்டுக்குள்ள வரலைன்னா?

— காலையிலயே சொல்லிட்டாரு. பன்னிரண்டு வரைக்கும்தான் எனக்கு. இல்லைன்னா ஸ்பீக்கர் டிரைவர் வேலைய என்கிட்ட இருந்து எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு.

— குடுத்தா குடுக்கட்டுமே.

— என்ன அத்தை இப்படிச் சொல்றீங்க?

— வேற எப்படிச் சொல்லணும்? போன மாசம் அந்தாளு போன்ல என்ன சொன்னான்? ‘உங்க நிலைமையில இது கஷ்டமான வேலைம்மா’ன்னான். நான் வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு நின்னேன், என் காதுலயே விழுந்துச்சு. என் வயிறு எப்படி எரிஞ்சுதுன்னு எனக்குத்தான் தெரியும். நீ என்னடான்னா ‘சரி சார், சரி சார்’ங்கற.

— நான் ‘சரி சார்’னு சொல்லிட்டு அந்த வாரமே அவரு ஆளுங்க ரெண்டு பேருக்குப் புரியாத தப்பக் கண்டுபிடிச்சுக் குடுத்தேன். அத நீங்க கேக்கலையா?

— அதுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். அம்மாடி, நான் சொல்றதக் கேளு. அவங்க கழுத்தப் பிடிச்சுத் தள்றதுக்கு முன்னாடி நாமளே எழுந்து வந்துட்டா மரியாதையாவது மிஞ்சும். உனக்கு என்ன குறை? அவன் சம்பாதிக்கறான். எனக்குப் பென்ஷன் வருது.

— சம்பளத்துக்காகன்னா நினைக்கறீங்க?

— வேற எதுக்காம்?

— அத்தை, பள்ளிக்கூடத்துல எனக்கு ஒருத்தி பாடம் படிச்சுக் காட்டுவா. தங்கமான பொண்ணு. ஆனா அவளுக்குத் தூக்கம் வந்தா எனக்குப் பாடம் முடிஞ்சுது. அவளுக்குப் பிடிக்காத பக்கம் எனக்குக் கிடையாது. ஒரு தடவ பரிட்சையில ஒரு கேள்வி, நான் கேள்விப்பட்டதே இல்ல. அந்தப் பக்கத்தையே அவ விட்டுட்டாளாம். ‘அது போர்டி, வராதுன்னு நினைச்சேன்’னா.

— ஐயோ பாவம்.

— அந்தக் குரல் வந்த அன்னைக்குத்தான் நான் ஒரு புஸ்தகத்த முழுசாப் படிச்சேன். அட்டையில இருந்து அட்டை வரைக்கும். யாரோட தூக்கத்துக்கும் காத்துக்கிட்டு இல்ல. இப்ப அந்தக் குரல் என் கையால ஓடுது. இந்த மாடல் மெஷின் பூரா என்ன மாதிரி ஆளுங்கதான் வச்சிருக்காங்க. அடுத்த வாரம் இதே கெர்னல் அவங்க எல்லாருக்கும் போகும். அதச் சரி பண்ற வேலைய ‘முடியல’ன்னு சொல்லி என் வாயால விடணுமா? செத்தாலும் அந்த வார்த்தைய நான் சொல்ல மாட்டேன்.

— சாவு கீவுன்னு பேசாத. படிக்கறேன், வா. எங்க விட்டோம்?

— டிரைவரக் கழட்டி மறுபடி மாட்டினேன். அதுல இருந்து படிங்க.

— ‘கோடெக் வேக் டன்.’ ‘ஆம்ப் மியூட் ஆஃப்.’ ‘ஸ்ட்ரீம் ஸ்டார்ட்.’ அப்புறம் உன் பாயின்டர். ஏறுது, ஏறுது, ஏறுது... இன்னும் ஏறுது.

— சிப் முழிச்சாச்சு. ஸ்பீக்கரோட வாய்க்கட்ட அவுத்தாச்சு. சத்தம் கிளம்பிடுச்சு. எல்லாம் ஒழுங்கா நடந்திருக்கு. ஆனா சத்தம் மட்டும் வரலை.

— கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைங்கற கதை.

— அடுத்து?

— அடுத்து ‘ஸ்ட்ரீம் ஸ்டாப்’. முடிஞ்சுது.

— நடுவுல ‘எரர்’னு ஏதாவது?

— ஒரு எரரும் இல்ல. மருந்துக்குக் கூட இல்ல.

— அதுதான் எனக்குப் பிடிபடல. தப்புன்னு கத்தினா பிடிச்சுடலாம். எல்லாம் சரின்னு எழுதி வச்சுட்டு ஊமையா உக்காந்திருக்கே இது. மறுபடி மாட்டறேன், படிங்க.

— இது ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ.

— படிங்க.

— அதேதான்மா. வேக் டன், மியூட் ஆஃப், ஸ்டார்ட். எழுத்து கூட மாறல. உன் மூஞ்சியப் பாரு, வேர்த்து ஊத்துது. காலையில இருந்து ஒரு வாய் டீ கூட உள்ள போகல. கொஞ்சம் எழுந்திருச்சு நடடி.

— தலை கிண்ணுன்னு இருக்கு. சரி, மூஞ்சி கழுவிட்டு வரேன். நீங்க இங்கயே இருங்க. திரை அணைஞ்சுடும் போல இருந்தா மவுஸ கொஞ்சம் ஆட்டுங்க, போதும்.

— போ, போ. தலையிலயும் ரெண்டு கை தண்ணிய அடிச்சுக்கோ. மெதுவா வா. நான் எங்கேயும் ஓடிடல.

— அத்தை.

— வந்துட்டியா? துண்டால சரியாத் துடைக்கல பாரு. காதுக்குப் பின்னாடி சோப்பு அப்படியே இருக்கு.

— இருக்கட்டும். நாட்டாமை மறுபடி பெட்டியத் தட்டினாரா?

— தட்டாம இருப்பானா? உக்காரு. நான் முதல்ல இருந்து படிக்கறேன். நிதானமா, ஒவ்வொரு எழுத்தாப் படிக்கறேன்.

— என்ன அத்தை, திடீர்னு இவ்வளவு கரிசனம்?

— உன் கூடயே உக்காந்திருக்கேன் இல்ல, எனக்கும் ரோஷம் வராதா? நீ இதக் கண்டுபிடிச்சுடணும்னு இருக்கு. யார் கையில போனாலும், கண்டுபிடிச்சது நீன்னு இருக்கணும்.

— யார் கையிலயும் போகாது. இப்ப ஒண்ணு பண்ணப் போறேன். ட்ரேஸ முழு அளவுக்குத் திறந்து விடறேன். இது வரைக்கும் பெரிய அடியத்தான் எழுதிக்கிட்டிருந்துச்சு. இனிமே மூச்சு விட்டாலும் எழுதும்.

— ஐயையோ, அத்தனையும் நான் படிக்கணுமா?

— படிக்கணும். மாட்டறேன்... இதோ.

— காத்திரு—

— அம்மா!

— வந்துச்சு! அத்தை, கேட்டீங்களா? வந்துச்சு! பேசுச்சு!

— என்னம்மா இது, கிணத்துக்குள்ள இருந்து கூப்பிட்ட மாதிரி... எனக்கு நெஞ்சே நின்னு போச்சு.

— நின்னுடுச்சே, உடனே நின்னுடுச்சு. ஆனா வந்துச்சு இல்ல? அரை வார்த்தையா இருந்தாலும் வார்த்தை வார்த்தைதான்!

— எதுக்குக் காத்திருக்கச் சொல்லுது?

— காத்திருக்கச் சொல்லல. ‘காத்திருக்கும் செய்திகள்’னு ஆரம்பிக்க வந்திருக்கு. வாய் அடைச்சுக் கிடந்த நேரத்துல பெட்டியில நடந்தத எல்லாம் சேர்த்து வச்சிருக்கும். வாய் திறந்ததும் முதல்ல அதத்தான் படிக்கும். புதுசு முதல்ல, பழசு பின்னாடி.

— எல்லாத்தையுமா?

— எல்லாத்தையும். நானே அப்படி அமைச்சு வச்சிருக்கேன். இது வேணும், இது வேண்டாம்னு எனக்காக யாரும் பொறுக்கி எடுக்கக் கூடாது பாருங்க.

— ஓ.

— யோசிங்க அத்தை, இப்ப மட்டும் ஏன் பேசுச்சு? நான் மாத்தினது ட்ரேஸ் ஒண்ணுதான். ட்ரேஸ் நிறைய எழுதினா எல்லா வேலையும் கொஞ்சம் மெதுவாகும். மெதுவானதும் வாய் திறக்குது! அப்ப இது அவசரத்துல நடக்கற தப்பு. யாரோ ஒருத்தர் தன் முறைக்கு முன்னாடியே ஓடறாங்க.

— நீ பாக்கறேன்னு தெரிஞ்சதும் ஒழுங்கா நடந்துக்குது. மனுஷங்க மாதிரி.

— சரியாச் சொன்னீங்க. மறுபடி மாட்டறேன். ம்ஹூம், இந்தத் தடவ இல்ல. மணி என்ன?

— பதினொண்ணே காலத் தாண்டிடுச்சு.

— படிங்க. ஓடுனது யாருன்னு பாப்போம்.

— ‘கோடெக் வேக் டன்’. ‘ஆம்ப் மியூட் ஆஃப்’. ‘ஸ்ட்ரீம் ஸ்டார்ட்’.

— சே! வரிசை சரியாத்தானே இருக்கு. முதல்ல முழிக்கறான், அப்புறம் கட்ட அவுக்கறான், அப்புறம் பேசறான். யாரும் யாரையும் முந்தலையே. அப்ப நான் நினைச்சது தப்பா?

— அம்மாடி, முன்னாடி ஒரு நம்பர் இருக்கே. அதையும் சேர்த்துப் படிக்கணுமா?

— எந்த நம்பர்?

— ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி நீளமா ஒரு நம்பர், நடுவுல புள்ளி வச்சு. காலையில இருந்தே இருக்கு.

— காலையில இருந்தா?

— பக்கத்துக்கு நம்பர் போடுவாங்களே, அந்த மாதிரி வரிக்குப் போட்டிருக்காங்கன்னு நினைச்சு விட்டுட்டேன். ஆபீஸ்ல நாங்க அதையெல்லாம் வாய் விட்டுப் படிக்க மாட்டோம்.

— அத்தை, அது நேரம்! அந்த வேலை எந்த நொடியில நடந்துச்சுங்கறது அது! காலையில இருந்து மணியப் பாக்காம யாரு முதல்ல வந்தான்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன் நான்!

— திட்டு, நல்லாத் திட்டு. நான் வாங்கிக்கறேன்.

— திட்ட நேரமில்ல. முதல் வரி நேரம் சொல்லுங்க. புள்ளிக்கு அப்புறம் இருக்கறது மட்டும் போதும். இல்ல, வேண்டாம். முழுசா.

— ‘வேக் டன்’னுக்கு, இருநூத்தி ஆறு புள்ளி நாலு ஒண்ணு எட்டு.

— ‘மியூட் ஆஃப்’புக்கு?

— இருநூத்தி ஆறு புள்ளி நாலு ஒண்ணு... ரெண்டு.

— ரெண்டா? எட்டு இல்லையே? விரல வச்சுப் பாருங்க.

— விரல வச்சுட்டேன். மேல எட்டு, கீழ ரெண்டு. என்னம்மா இது, கீழ இருக்கறவன் முன்னாடியே வந்துட்டானே?

— பிடிச்சாச்சு! அத்தை, பிடிச்சாச்சு! இந்த மெஷினுக்கு உள்ள ரெண்டு மூளை. ஒவ்வொண்ணும் தனித்தனியா எழுதும். நான் அவசரத்துல ஒண்ணு எழுதினதுக்குக் கீழ இன்னொண்ணு எழுதினத அப்படியே ஒட்டி வச்சுட்டேன். வரிசை என் தப்பு. நேரம் பொய் சொல்லாது. சிப் முழிக்கறதுக்கு முன்னாடியே வாய்க்கட்ட அவுத்திருக்காங்க.

— அவுத்தா அவுந்ததுதானே?

— தூங்கறவன் வாயில இருந்து நீங்க துணிய அவுத்துட்டுப் போயிடறீங்க. ஆனா இந்த சிப்போட குணம், முழிக்கும்போது எல்லாத்தையும் முதல்ல இருந்தபடி ஆக்கிடும். எழுந்ததும் பழைய துணிய எடுத்து இறுக்கிக் கட்டிக்குது. இவரு அவுத்துட்டேன்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு, அவன் ஊமையா உக்காந்திருக்கான். பேட்டரி மிச்சம் பிடிக்கறேன்னு யாரோ இந்தத் தடவ சிப்ப அடிக்கடி தூங்க வச்சிருக்காங்க. அதுல வந்த வினை.

— அடப்பாவி! எவ்வளவு சின்ன விஷயம். ஒருத்தன் அவசரப்பட்டு முன்னாடி கைய வச்சுட்டான், அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். நல்லது பண்றதா நினைச்சுத்தான் வச்சிருப்பான்.

— ஆமா. அப்படித்தான் நினைச்சிருப்பான்.

— என்ன அத்தை, குரல் ஒரு மாதிரி இருக்கு?

— தொண்டை காஞ்சு போச்சு. அம்மாடி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— வரியில இருக்கறதா?

— இல்ல.

— அப்ப பன்னிரண்டுக்கு மேல சொல்லுங்க. இப்ப எனக்கு வரிதான் வேணும்.

— அது வந்து, நீ மூஞ்சி கழுவப் போனப்ப...

— அத்தை, உங்க கால்ல வேணா விழறேன். வேற எதையும் இப்ப என் தலையில ஏத்தாதீங்க, கையில இருக்கறது நழுவிடும். டிரைவர் ஃபைலத் திறந்துட்டேன். அதுல கர்சர் எங்க நிக்குதுன்னு சொல்லுங்க.

— ‘மியூட்’டுன்னு ஒரு வரி இருக்கு. அது மேல நிக்குது.

— அந்த வரிய வெட்டறேன். கீழ கொண்டு போறேன். முழிச்சியான்னு கேட்டு, முழிச்சுட்டேன்னு பதில் வந்ததுக்கு அப்புறம்தான் அவுக்கணும். ரெண்டே வரி. அடிச்சுட்டேன். எழுத்து எழுத்தாப் படிச்சுக் காட்டுங்க, அடைப்புக்குறி, கோடு, புள்ளி எல்லாம் சேர்த்து.

— ‘வெயிட்’, அடிக்கோடு, ‘ரெடி’, அடைப்புக்குறி திறக்குது, ‘சிப்’, அடைப்புக்குறி மூடுது, அரைப்புள்ளி. அடுத்த வரி, ‘மியூட்’, அடிக்கோடு, ‘ஆஃப்’, அடைப்புக்குறி திறக்குது, ‘சிப்’, அடைப்புக்குறி மூடுது, அரைப்புள்ளி.

— தங்கம் அத்தை நீங்க. நாட்டாமைக்குத் தெரியாது, எனக்கு இப்படி ஒரு ஆள் கிடைச்சிருக்குன்னு.

— என்னப் புகழாதடி. எனக்கு வேண்டாம்.

— வெக்கத்தப் பாரு! சரி, மாத்தின வரியோட டிரைவர மறுபடி கட்டச் சொல்லியிருக்கேன். திரையில ஓடுதா?

— ஓடுது. என்னென்னமோ ஓடுது.

— அது ஓடட்டும், நின்னதும் சொல்லுங்க. மணி?

— பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் இருக்கு.

— இருக்கு இல்ல? போதும். எத்தனையோ தப்பு பிடிச்சிருக்கேன், இந்த மாதிரி நெஞ்சு அடிச்சதில்ல. இத அனுப்பிட்டா இனிமே ஒருத்தரும் என்கிட்ட ‘உங்க நிலைமையில’ன்னு ஆரம்பிக்க முடியாது.

— நின்னுடுச்சு.

— என்ன வந்திருக்கு? பச்சையா, சிவப்பா?

— ம்.

— அத்தை? ம்முன்னா என்ன?

— நான் பச்சைன்னு சொல்லிட்டா என்னாகும்?

— இது என்ன விளையாட்டு? பச்சைன்னா கட்டி முடிச்சாச்சுன்னு நினைச்சு மாட்டுவேன். பழைய டிரைவர்தான் மாட்டும். குரல் வராது. எங்க தப்புன்னு தெரியாம தலையப் பிச்சுக்கறதுக்குள்ள பன்னிரண்டு அடிச்சுடும். ஏன் கேக்கறீங்க?

— குரல் வராது.

— வராது. அத்தை, நேரம் போகுது. என்ன நிறம்?

— சிவப்பும்மா.

— சரி, படிங்க.

— படிக்கறேன். நான் படிக்கறேன். நீ சொன்ன மாதிரியே, ஒண்ணையும் விடாம. ஃபைல் பேரு, அப்புறம் அம்பத்தி மூணாவது வரி, ‘வெயிட் ரெடி’ன்னு ஒண்ணு எனக்குத் தெரியாதுங்குது. ‘வெயிட் ஃபார் ரெடி’யா பாருங்கன்னு அதுவே சொல்லுது.

— அட ஆமா! ‘ஃபார்’ விட்டுட்டேன். கிறுக்கச்சி நான். இதோ, அடிச்சாச்சு. கட்டுது. இப்ப?

— பச்சை. சத்தியமா பச்சை.

— ட்ரேஸ அணைச்சுடறேன். இனிமே யாரும் வேவு பாக்க வேண்டாம், தன்னால பேசணும். பழசக் கழட்டறேன். புதுச மாட்டட்டுமா?

— மாட்டும்மா.

— என் கையப் பிடிச்சுக்கோங்க. மாட்டறேன்.

— காத்திருக்கும் செய்திகள்.

— வந்துடுச்சு! அத்தை, முழுசா வந்துடுச்சு! கேட்டீங்களா? என்ன இது, உங்க கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? அழறீங்களா? நான்தானே அழணும்!

— இரும்மா. அது பேசட்டும்.

— குழுத் தலைவர். சரி. உங்கள் முடிவை மதிக்கிறேன். ஸ்பீக்கர் டிரைவர் வேலையை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

— என் முடிவா? நான் என்ன முடிவு பண்ணேன்? இன்னும் பன்னிரண்டே ஆகலையே! இது எப்ப வந்துச்சு அத்தை? இத ஏன் நீங்க எனக்குப் படிக்கல?

— இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. கேளு.

— நீங்கள் அனுப்பியது. கண் தெரியாத என்னால் இது முடியாது. வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.